நூற்றைம்பது நாற்காலியும் ஒரு கான்ஸ்டபிளும்

என் முட்டாள்தனத்தை மற்றவர்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. சொந்தக் கல்யாணத்துக்குச் சொந்த மைக் செட்டைக் கட்டி, தாலி கட்டுகிற நேரத்தில் ஆம்ப்ளிஃபயருக்கு ஃபியூஸ் போட்டுக்கொண்டிருந்தவன் நான். போன வார இதழில் அதைப் படித்துவிட்டு, "இதற்கு மேல் ஒரு மனிதன் முட்டாளாக இருக்க முடியாது" என்று கீரனூரிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். அவசரப்பட்டுவிட்டார்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கந்தர்வகோட்டைச் சாலையில் எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில், நூற்றைம்பது பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு முன்னால் நின்று ஒன்றரை மணி நேரம் ஆவேசமாகப் பேசினேன். ஒரு நாற்காலியில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றின் மேல் முன்னங்கால்களை ஊன்றி, கம்பத்தில் ஒட்டியிருந்த எங்கள் நோட்டீஸை ஓர் ஆடு தின்றுகொண்டிருந்தது. பாக்கி நூற்று நாற்பத்தெட்டும் காலி.

"எங்கண்ணே ஆளுங்க?" என்றார் கான்ஸ்டபிள்.

"வந்துக்கிட்டே இருக்காங்க சார்."

"ஒம்பது மணிக்கும் இதத்தான் சொன்னீங்க."

"ஒம்பது மணிக்கும் வந்துக்கிட்டுத்தான் சார் இருந்தாங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். மைக் செட் அனுமதி கேட்டு நான் ஸ்டேஷனில் கொடுத்திருந்த கடிதத்தின் ஜெராக்ஸ். "நூத்தம்பது பேருன்னு ஒங்க கையாலதானே எழுதியிருக்கீங்க?" என்றார்.

"ஆமாம் சார்."

"நாற்காலிதான் அண்ணே நூத்தம்பது வந்திருக்கு."

மைக்கை மறுபடி பிடித்தேன். கூட்டம் இல்லை என்பதற்காகப் பேச்சை நிறுத்துவது தொழிலுக்கே அவமானம். "எங்கள் உயிரே போனாலும் ஒரு மரத்தைக் கூட வெட்ட விடமாட்டோம்!" என்று முழங்கினேன். ஆடு இருமியது. பசை தொண்டையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நான் ஏன் அங்கே நின்றேன், ஊர் ஏன் அங்கே வரவில்லை என்பதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பழைய குழாய்

எங்கள் ஊர் முந்திரிக் கொல்லைகளுக்கு அடியில் ஓர் எண்ணெய்க் குழாய் வெகுகாலமாக ஓடுகிறது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மேலே மஞ்சள் கற்கள் நட்டிருப்பார்கள். மழை பெய்து புல் முளைத்தால், குழாய் போகிற வழி மட்டும் வேறு பச்சையாகத் தெரியும். அடியிலிருந்த சுண்ணாம்புச் சுக்கான் மண்ணை மேலே போட்டு, மேலிருந்த செம்மண்ணை உள்ளே போட்டு மூடிய கைங்கரியம் அது.

அந்தக் குழாய் போட்ட விழாவுக்கும் மைக் செட் என்னுடையதுதான். "இன்று முதல் நம் ஊரின் தலையெழுத்தே மாறப் போகிறது!" என்று அறிவித்ததும் இந்தத் திருவாய்தான். அறிவித்ததற்கு ஒரு பொட்டலம் லட்டு கொடுத்தார்கள். லட்டில் ஏலக்காய் வாசனை தூக்கலாக இருந்தது இன்றும் நினைவிருக்கிறது. தலையெழுத்து என்ன ஆனது என்பதைப் பிறகு ஊர் எனக்கு அடிக்கடி நினைவூட்டியது.

நிலம் நம் பேரில்தான் இருக்கும். பட்டாவும் நம்மிடம்தான். ஆனால் குழாய் போகிற அந்த நீளப் பட்டைக்குள் மரம் வைக்கக் கூடாது, போர் போடக் கூடாது, மாட்டுக்கு ஒரு கொட்டகை கூடக் கட்டக் கூடாது. கடலையோ உளுந்தோ விதைத்துக்கொள்ளலாம், மழை வந்தால்.

அப்புறம் ஒருநாள், பழைய குழாய் போதவில்லை, பக்கத்திலேயே இன்னொன்று வருகிறது, பட்டை அகலமாகும் என்று நோட்டீஸ் வந்தது. அகலமாகிற பக்கத்தில் முதலாவதாக இருந்தது என் மதினியின் கொல்லை.

மதினி என்றால் காலஞ்சென்ற என் அண்ணனின் மனைவி. பெயர் சின்னப்பொண்ணு. அண்ணன் போன பிறகு தனியாளாக நின்று அந்தக் கொல்லையில் மூன்று இடத்தில் போர் போட்டார். முதல் இரண்டில் வந்தது வெள்ளைப் புழுதி. மூன்றாவதில் தண்ணீர் பீறிட்டபோது, மதினி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அந்தச் சேற்றை ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "சரி, மோட்டார எறக்குங்க" என்றார். அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் தண்ணீரை எப்படிச் செலவழிப்போமோ, அப்படித்தான் மதினி வார்த்தையைச் செலவழிப்பார்.

புதுப் பட்டை அந்தப் போரின் மேலேயே போகிறது. சுற்றியுள்ள முந்திரியில் பாதிக்கு மேல் போய்விடும்.

தரிசு என்று ஒரு வார்த்தை

ஊர் கூடியது. மரத்தையும் போரையும் காட்டி ஆட்சேபணை எழுதிக் கொடுப்பது என்று முடிவானது. விசாரித்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஆட்சேபணையை விசாரிக்கிற அதிகாரி கொல்லைக்கு வந்து பார்க்கப் போவதில்லை. அளக்க வருகிற சர்வேயர் தன் படிவத்தில் என்ன எழுதுகிறாரோ, அதை வைத்துத்தான் பேச்சு. ஆகவே சர்வேயர் எந்தக் கொல்லைக்கு வந்தாலும் நாம் அங்கே நிற்க வேண்டும், மரத்தை எண்ணி எழுத வைக்க வேண்டும் என்றார் மதினி.

எளிதான வேலை. ஆனால் சர்வேயர் நாங்கள் இருக்கிற இடத்துக்கு மட்டும் வரவே இல்லை.

கண்மாய்க் கரையில் பெரிய கூட்டம் போட்டோம். அந்த நேரத்தில், ஊருக்கு மறுகோடியில் இருந்த ரெங்கசாமியின் கொல்லைக்குச் சர்வேயரின் வெள்ளைக் கார் வந்து போயிருந்தது. ரெங்கசாமி பிறகு ஆபீசுக்குப் போய்ப் பார்த்தால், அவர் பேருக்கு நேரே 'தரிசு' என்று ஒரே வார்த்தை. நாற்பது காய்ப்பு மரம் நிற்கிற கொல்லை. திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியவர், "நாப்பது மரமும் என் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியுதாடா?" என்று என்னிடம் கேட்டார்.

அடுத்து, பள்ளிக்கூடத்துத் திடலில் கூட்டம். அன்றைக்குக் கிழக்கே இரண்டு கொல்லைகள் தரிசாயின.

அப்போதுதான் ஊருக்குள் அந்தக் காற்று அடிக்க ஆரம்பித்தது. நமக்குள்ளேயே ஒருத்தன் குழாய்க்காரர்களுக்குச் சேதி சொல்கிறான்.

புதுச் சட்டை எங்கிருந்து வந்தது?

சந்தேகம் வந்த ஊரில் டீ குடித்திருக்கிறீர்களா? ஒருவர் உள்ளே நுழைந்ததும் பேச்சு நிற்கும். எல்லோரும் சர்க்கரையைக் கலக்குவார்கள். சர்க்கரை போடாமல் குடிக்கிறவர்களும் கலக்குவார்கள். புதுச் சட்டை போட்டவனைப் பார்த்து, "என்னப்பா, விசேசமா?" என்று கேட்பார்கள். அதில் விசேஷத்தைத் தவிர எல்லாம் இருக்கும். ஒருவர் வீட்டில் ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. அவர் அந்தத் தவணைச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கேட்காதவர்களுக்கும் காட்டினார்.

எனக்கோ குஷி. சின்ன வயதிலிருந்தே துப்பறிய வேண்டும் என்று ஆசை. பள்ளிக்கூடத்தில் காணாமல் போன சாக்பீஸை மூன்று நாள் தேடி, என் பையிலேயே கண்டுபிடித்தவன். அந்தச் சம்பவத்திலிருந்து பாடம் கற்றிருக்கலாம்.

கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு நாலு பேரை எழுதினேன்.

முதலாவது, முந்திரிக்கொட்டை வியாபாரி செல்லையா. புது பைக். இரண்டாவது, துபாயிலிருந்து திரும்பிய ராசேந்திரன். சர்வேயரோடு இங்கிலீஷில் பேசியதை நான் பார்த்தேன். என்ன பேசினார் என்று புரியவில்லை, அதனாலேயே சந்தேகம். மூன்றாவது, டீக்கடை முத்து. எல்லாம் அவர் காதுக்குத்தான் வருகிறது. நாலாவது இடத்தில், துப்பறிகிறவன் பாரபட்சம் பார்க்கக் கூடாது என்பதற்காக, 'மதினி' என்று சின்ன எழுத்தில் எழுதிவைத்தேன்.

பிறகு பொறி வைத்தேன். செல்லையாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வியாழக்கெழம எல்லாரும் வடக்குக் கொல்லையில கூடுறோம், யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றேன். ராசேந்திரனிடம் அதே வியாழக்கிழமையைக் கண்மாய்க் கரைக்கு மாற்றினேன். முத்துவிடம் பள்ளிக்கூடம். கார் எந்த இடத்தைத் தவிர்க்கிறதோ, அதைக் கேட்டவன்தான் ஆள்.

வியாழக்கிழமை கார் எங்குமே வரவில்லை. ஒரு சைக்கிள் கூட வரவில்லை. மூன்று பேரும் மட்டும் நான் சொன்ன மூன்று இடங்களிலும் வெயிலில் தனித்தனியாக நின்றுவிட்டு, சாயங்காலம் சேர்ந்து என் மைக் செட் கடைக்கு வந்தார்கள்.

"என்னண்ணே, கூட்டம் எங்கண்ணே?" என்றார் செல்லையா.

"ஒத்திவச்சாச்சு."

"அதுக்கு எதுக்கு என்னைய கண்மாய்க்கும் இவர பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புனீங்க?" என்றார் ராசேந்திரன். முத்து தன் டீக்கடைக்குப் போய்விட்டார். அடுத்த ஒரு மாதம் எனக்கு மட்டும் ஆறின டீயாகவே வந்தது.

நோட்டைத் திறந்து மூன்று பெயரையும் அடித்தேன். மிச்சமிருந்தது சின்ன எழுத்தில் எழுதிய பெயர்.

ஆம்ப்ளிஃபயருக்குள் பல்லி

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை.

நான் கடை போட்ட புதிதில், பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவுக்கு அனுமதி வாங்காமல் மைக் செட் கட்டிவிட்டேன். ஸ்டேஷனிலிருந்து வந்து ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சித்திரையில் போனது, ஐப்பசியில்தான் திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை கடிதம் கொடுக்காமல் நான் ஒரு பாக்ஸைக் கூடத் தூக்கிவைத்ததில்லை. காதுகுத்தோ, கருமாதியோ, எதுவானாலும் முழு வெள்ளைத்தாள், இடதுபக்கம் மார்ஜின், 'ஐயா, வணக்கம்'. எந்த நாள், எந்த இடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, சுமார் எத்தனை பேர் கூடுவார்கள், பெட்டி ஒலிபெருக்கி எத்தனை. என் கையெழுத்தை ஸ்டேஷனில் பாராட்டியிருக்கிறார்கள். "ஒங்க லெட்டர் மாதிரி யாரும் வெவரமா எழுதுறதில்ல" என்று ரைட்டர் ஒருவர் சொன்னதை இன்னும் பெருமையாக வைத்திருக்கிறேன்.

பல்லிக் கதை சும்மா சிரிப்பதற்குச் சொன்னது என்று நினைத்தால் நீங்களும் என்னைப் போலத்தான்.

மதினியின் பின்னால்

நாலாவது பெயரை விசாரிக்க வேண்டுமே. ஒருநாள் மதினி மஞ்சள் பையோடு கந்தர்வகோட்டை பஸ்ஸில் ஏறினார். நான் பின்வாசல் வழியாக ஏறி, ஒரு மூட்டைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

இறங்கியவர் நேரே நடந்தார். ஸ்டேஷன் இருக்கிற தெரு. ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தார். அங்கே எங்கள் ஊருக்கு வருகிற அதே வெள்ளைக் காரின் டிரைவர் ஏதோ காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நின்றார். மதினி அவருக்குப் பக்கத்திலேயே போய் நின்று, அவர் கையை எட்டிப் பார்த்தார்.

செத்துப்போன என் அண்ணனை நினைத்துக்கொண்டேன். சொந்தக் கொல்லையை விற்கிறவர் எதற்காக மூன்று முறை போர் போட்டார் என்று மனசு கேட்டது. ஆனால் துப்பறிகிறவன் மனசு சொல்வதைக் கேட்கலாமா? தள்ளுவண்டி ஒன்றின் மறைவில், இளநீர்க் குலைகளுக்கு இடையே முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

மதினி வெளியே வந்தார். தெருவைக் கடந்தார். நேரே வண்டிக்கு வந்தார்.

"ரெண்டு எளநி வெட்டுங்க. ஒண்ணு எனக்கு. ஒண்ணு குலைக்குப் பின்னால நிக்கிற எங்க கொழுந்தனாருக்கு."

"நான் சும்மா இங்கிட்டு ஒரு வேலையா வந்தேன் மதினி..."

"பஸ்ஸுல மூட்டைக்குப் பின்னாலயும் வேலைதானா?"

நான் இளநீரைக் குடித்தேன். மதினி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, இரக்கமா, இரண்டுமா என்று கணிக்க முடியவில்லை. "வழுக்கையையும் தின்னுங்க" என்றார்.

மறுநாள் காலையில் என் கடைக்கே வந்துவிட்டார். "வர்ற வெள்ளிக்கெழம விலக்குல கூட்டம். ஊரே வரும். எட்டு மணியிலேர்ந்து மைக்கு கட்டிருங்க. நாற்காலியும் போட்டுருங்க."

"நூறு போதுமா மதினி?"

"நூத்தம்பது போடுங்க." வாசல்வரை போனவர் திரும்பினார். "பர்மிசன் வாங்கிருவீங்கல்ல?"

"என்ன மதினி இப்படிக் கேட்டுட்டீங்க! இன்னைக்கே லெட்டர் குடுத்துர்றேன்."

"அதான பாத்தேன்" என்றார்.

எனக்கு ஒரே யோசனை. சந்தேகத்துக்குரிய ஆள், தானே கூட்டத்துக்கு நாள் குறிக்கிறார். அன்று ஊரை விலக்குக்கு இழுத்துவிட்டுத் தன் கொல்லையை அளக்க வைக்கப் போகிறாரோ? நோட்டில் 'கவனிக்க' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். கவனிக்கலாம் என்றுதான் வெள்ளிக்கிழமை மேடையில் நின்று சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே பேசினேன். மதினியும் வரவில்லை, மற்றவர்களும் வரவில்லை.

மறுபடி விலக்கு

பத்தரை மணி இருக்கும். ஆடு நோட்டீஸை முடித்துவிட்டுப் பசை தடவின கம்பத்தை நக்கிக்கொண்டிருந்தது. என் போன் அடித்தது. டீக்கடை முத்து.

"அண்ணே, பேச்ச நிப்பாட்டிட்டு சின்னப்பொண்ணக்கா கொல்லைக்கு வாங்க. எல்லாரும் இங்கிட்டுத்தான் இருக்கோம்."

"எல்லாருமா?"

"ஒங்களத் தவுர."

கான்ஸ்டபிளிடம், "சார், கொஞ்சம் நாற்காலியப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். "கூட்டம் முடிஞ்சிருச்சாண்ணே?" என்று அவர் பின்னாலிருந்து கத்தினார். அவர் கேள்வி மைக்கில் விழுந்து பாக்ஸ் வழியாக என்னைக் கொஞ்ச தூரம் துரத்தியது.

முந்திரி மரத்தின் கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. விடிந்ததும் ஊரே போய் மரத்துக்கு மரம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. விலக்கில் என் குரல் கேட்க ஆரம்பித்த அரைமணியில் வெள்ளைக் கார் வந்திருக்கிறது. சர்வேயர் இறங்கி அளவு நாடாவை விரித்ததும், கிளைகளை விலக்கிக்கொண்டு ஊர் எழுந்து நின்றிருக்கிறது. பயந்துபோன அந்தச் சர்வேயர் பிள்ளைக்கு முத்துதான் டீ கொடுத்தாராம். சூடாக.

நான் போனபோது முந்திரிப்பழ வாசனை காறலும் இனிப்புமாகக் கொல்லை முழுக்க அடித்தது. பெண்கள் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுத் தொட்டு உரக்க எண்ணிக்கொண்டு வந்தார்கள். ராசேந்திரன் செல்போனில் படம் பிடித்தார். செல்லையா மரத்துக்கு எவ்வளவு காய்க்கும் என்று வியாபாரி வாயால் சொல்லிக்கொண்டு வந்தார். சர்வேயர் எழுதினார். மதினி போர்க் குழாயின் மூடி மேல் உட்கார்ந்திருந்தார்.

"இதயும் எழுதுங்க தம்பி" என்றார், தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தட்டி. "தண்ணி இருக்குன்னு எழுதுங்க." ரெங்கசாமி போய் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் வந்து விழுந்து சர்வேயரின் ஷூவை நனைத்தது. அவர் அதையும் எழுதினார்.

எழுதுவதற்காக அவர் படிவத்தைத் திருப்பியபோது, அட்டையின் கிளிப்பில் அடியில் இருந்த காகிதம் தெரிந்தது. முழுத்தாள். இடதுபக்கம் மார்ஜின். 'ஐயா, வணக்கம்'. விலக்கு, வெள்ளிக்கிழமை, எட்டு மணி முதல், சுமார் நூற்றைம்பது பேர். அதற்கு அடியில் பள்ளிக்கூடத் திடலுக்கு ஒன்று. அதற்கும் அடியில் கண்மாய்க் கரைக்கு ஒன்று. மூன்றிலும் கீழே இரண்டு சுழி போட்ட என் கையெழுத்து, வெகு அழகாக.

மைக் கட்டாத அந்த வியாழக்கிழமைக்கு மட்டும் காகிதம் இல்லை.

இரண்டு கூட்டம், மூன்று கொல்லை. ரெங்கசாமியின் நாற்பது மரத்தையும் தரிசாக்கியது செல்லையாவின் பைக்கும் அல்ல, ராசேந்திரனின் இங்கிலீஷும் அல்ல. ரெங்கசாமியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் மோட்டார் பக்கத்தில் நின்று, ஓடுகிற தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய கொல்லையை மறுபடி அளக்கச் சொல்லும் மனுவை நான்தான் எழுதினேன். அந்த மனுவும் மதினியின் ஆட்சேபணையும் இன்னும் விசாரணையில் இருக்கின்றன. குழாய் இன்னும் வரவில்லை. அந்தப் பட்டையில் மரம் நிற்கிறது.

கார் போன பிறகு மதினியிடம் போய் நின்றேன். எப்போதும் போல ரோஷத்தில் ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு ஜெராக்ஸ் கடையில அந்த டிரைவர் கையில இருந்தது நான் எழுதுன லெட்டருதானா மதினி?"

தலையை ஆட்டினார்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் இங்க வந்து ஒக்காந்திருப்பேன்ல? காலையிலேர்ந்து ஆட்டுக்குப் பேசிக்கிட்டு நின்னேன்."

மதினி கேட் வால்வைத் திருகித் தண்ணீரை நிறுத்திக்கொண்டிருந்தார்.

நான் நோட்டை எடுத்துக் காட்டினேன், நாலாவது பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு. "நான் இதுல நாலு பேர எழுதிவச்சுத் துப்பறிஞ்சேன் மதினி. நீங்க எத்தன பேர எழுதிவச்சிருந்தீங்க?"

"ஒத்த ஆளுக்கு எதுக்கு நோட்டு, கொழுந்தனாரே?"